பரமக்குடி வக்கீல் வீட்டுப் பெண்: சுஹாசினியின் திரைவாழ்க்கை

நடிகை சுஹாசினி 1961 ஆகஸ்ட் 15 அன்று ராமநாதபுரம் மாவட்டம் பரமக்குடியில் பிறந்தார். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குப் போகும் ரயில் பாம்பன் கடலைத் தாண்டி, மண்டபத்தையும் ராமநாதபுரத்தையும் கடந்து மேற்கே போகும்போது வருகிற பெரிய ஊர் பரமக்குடி. வைகை ஊருக்குள்ளேயே ஓடுகிறது. பல மாதங்கள் மணலாகக் கிடக்கும் அந்த ஆற்றில், மதுரையைப் போலவே இங்கேயும் சித்திரையில் அழகர் இறங்குகிறார். ஊரில் தறிச்சத்தம், ஊரைச் சுற்றி மிளகாய்க் காடு, வாரச்சந்தை, கோர்ட்டு என்று அமைந்த ஊர் அது. அந்தக் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போட்டு வாதாடிய ஒரு குடும்பத்திலிருந்து இந்தியாவின் சிறந்த நடிப்புக்கான தேசிய விருதை மூன்று பேர் வாங்கியிருக்கிறார்கள். அதில் பெண் சுஹாசினி ஒருவர்தான்.

அன்றைய ராமநாதபுரம் மாவட்டம் இன்றிருப்பதைவிட மிகப் பெரியது. சிவகங்கை, காரைக்குடி, விருதுநகர் வட்டாரங்களும் அதற்குள் அடக்கம். 1985-இல்தான் அது மூன்றாகப் பிரிந்தது. தமிழ் சினிமாவின் தொடக்கக் கணக்கில் இந்த மாவட்டத்தின் வரவு பெரும்பாலும் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் சென்னைக்கு நிரந்தரமாகப் போவதற்கு முன் காரைக்குடியிலேயே ஸ்டூடியோ போட்டு ‘நாம் இருவர்’ (1947) எடுத்தார். கண்ணதாசன் சிறுகூடல்பட்டிக்காரர், எஸ்.பி.முத்துராமன் காரைக்குடிக்காரர். பணமும் பாட்டும் இயக்கமும் அங்கிருந்து வந்தன. கடற்கரையை ஒட்டிய வறண்ட கிழக்குப் பக்கம் சினிமாவுக்குத் தந்தது நடிகர்களை. அவர்களில் மூவர் வந்தது ஒரே வீட்டிலிருந்து.

வீட்டின் தலைவர் டி.சீனிவாசன் வக்கீல், சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்ட காங்கிரஸ்காரர். அவருடைய மகன்கள் சாருஹாசன், சந்திரஹாசன், கமல்ஹாசன். மூத்தவர் சாருஹாசனும் அப்பாவைப் போலவே வக்கீலானார். அவருடைய மகள்தான் சுஹாசினி. பெயரின் பொருள் அழகாகச் சிரிப்பவள். ‘வந்தே மாதரம்’ பாடலில் வரும் சொல் அது. பெண் பிறந்ததோ சுதந்திர தினத்தில். சித்தப்பா கமலுக்கும் அண்ணன் மகளுக்கும் ஏழு வயதுகூட வித்தியாசமில்லை. சுஹாசினி பிறப்பதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 1960 ஆகஸ்டில், ஏவி.எம்மின் ‘களத்தூர் கண்ணம்மா’ வெளியாகி அந்தச் சித்தப்பா நாடறிந்த குழந்தை நட்சத்திரமாகியிருந்தார். ஆக சினிமா அந்த வீட்டுக்குள் நுழைந்த பிறகு பிறந்த முதல் தலைமுறை என்று சுஹாசினியைச் சொல்லலாம்.

ஆனால் சினிமா வீட்டுப் பெண் என்றால் நாட்டியம், ஒப்பனை, அறிமுக விழா என்று போகும் வழக்கமான பாதையில் அவர் போகவில்லை. சென்னை தரமணியில், ஊரார் பேச்சில் ‘அடையாறு பிலிம் இன்ஸ்டிட்யூட்’ என்று வழங்கிய அரசுத் திரைப்படக் கல்லூரியில், ஒளிப்பதிவு படிக்கச் சேர்ந்தார். அந்தப் பிரிவில் அதுவரை பெண்கள் படித்ததில்லை. கேமரா அன்று கனமான இரும்புச் சாமான். அதைத் தூக்கிச் சுமப்பதும், கிரேன் ஏறுவதும், லைட்பாயிடம் வேலை வாங்குவதும் ஆண்களின் காரியம் என்று யாரும் எழுதி வைக்காமலே எல்லோரும் நம்பிய காலம். படிப்பை முடித்தவர் ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

அசோக்குமார் அப்போது இயக்குநர் மகேந்திரனின் கண். இருவரும் சேர்ந்து செய்த ‘உதிரிப்பூக்கள்’ (1979) படத்தில்தான் வக்கீல் சாருஹாசனும் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். அடுத்த ஆண்டு மகேந்திரன் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ படத்துக்கு நாயகி தேடியபோது, உதவி ஒளிப்பதிவாளரான சாருஹாசன் மகளைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தினார். படம் 1980 டிசம்பரில் வெளிவந்தது. அதே படத்தில் அசோக்குமாரின் உதவியாளராகத் தொழில் கற்றவர் பி.ஆர்.பந்துலுவின் மகள் பி.ஆர்.விஜயலட்சுமி. அவர் அந்தப் பக்கமே நின்று, ‘சின்ன வீடு’ (1985) முதலாகத் தனி ஒளிப்பதிவாளரானார். ஒளிப்பதிவு பழக வந்த இரண்டு பெண்களில் ஒருவரை சினிமா முன்னால் இழுத்துக்கொண்டது, இன்னொருவர் பின்னாலேயே தாக்குப்பிடித்தார். தமிழ் சினிமாவில் பெண்கள் தொழில்நுட்பத்துக்குள் வந்த கதையை எழுதுகிறவர்கள் இந்த ஒரு படப்பிடிப்புத் தளத்தில் சற்று நின்று பார்க்கலாம்.

‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’யின் விஜி, அண்ணன் வீட்டில் அண்ணியின் வெறுப்புக்கு நடுவே வாழும் பெண். மோட்டார் மெக்கானிக் ராமை (மோகன்) விரும்புகிறாள். சந்தேகத்தாலும் அண்ணியின் சூழ்ச்சியாலும் அந்தக் காதல் முறிந்து, பிரதாப்பை (பிரதாப் போத்தன்) மணக்கிறாள்; ஆனால் கணவனாக ஏற்க முடியாமல் அதே வீட்டில் விலகி நிற்கிறாள். கதை எளியது, மகேந்திரன் அதைச் சொன்ன விதம் எளியதல்ல. பனிமூட்டமான காலையில் இருவர் ஓடிக்கொண்டே இருக்க, காலடிச் சத்தமே தாளமாகிவிடும் அந்தப் பாடல் காட்சியில் நாயகி ஆடவில்லை, நாயகனைச் சுற்றி வரவில்லை; ஓடுகிறாள், மூச்சு வாங்குகிறாள், சிரிக்கிறாள். 1980-இன் தமிழ் டூயட்டில் இது புதுசு. அசோக்குமாரின் ஒளிப்பதிவுக்கும் எஸ்.பி.ராமநாதனின் ஒலிப்பதிவுக்கும் தேசிய விருது கிடைத்தது; படம் சிறந்த தமிழ்ப் படமாகவும் தேர்வானது. விருப்பமில்லாத கல்யாணத்துக்குள் மெல்ல மனம் மாறும் பெண் என்ற இந்தக் கருவின் அருகிலேயே ஆறு ஆண்டு கழித்து ‘மௌன ராகம்’ வந்தது. அதன் இயக்குநர் மணிரத்னம் பிற்காலத்தில் சுஹாசினியின் கணவரானது கதையில் எழுதினால் யாரும் நம்பாத தற்செயல்.

புதுமுகத்திடம் இருக்கும் பதற்றம் விஜியிடம் இல்லை. வெளிச்சம் எங்கே விழுகிறது, இந்த லென்ஸ் முகத்தை எவ்வளவு நெருங்கும், எவ்வளவு சின்ன அசைவு போதும் என்று தெரிந்தவரின் அமைதி அதில் தெரிகிறது. சுஹாசினியின் பிற்காலப் படங்களிலும் அவருடைய பலம் வசனம் பேசும் காட்சிகளைவிட, எதிராளி பேசும்போது கேட்டுக்கொண்டிருக்கும் காட்சிகளில்தான் அதிகம். கேமரா படித்ததன் பலன் இது என்று ஊகிக்கத் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டே ‘பாலைவனச் சோலை’ (1981) வந்தது. இயக்கியவர்கள் ராபர்ட்–ராஜசேகரன் இரட்டையர். அவர்களும் அதே திரைப்படக் கல்லூரி வழியாக ஒளிப்பதிவிலிருந்து வந்தவர்கள். வேலை கிடைக்காமல் தெருமுனையில் காலம் தள்ளும் ஐந்து இளைஞர்கள், அந்தத் தெருவுக்குக் குடிவரும் ஒரு பெண். அவள் அவர்களுடைய தோழியாகிறாள். இதயநோய் அவளைக் கொண்டுபோகிறது. ஐந்து ஆண்களோடு ஒரு பெண் சரிசமமாக உட்கார்ந்து பேசுவதை விகற்பமில்லாமல் காட்டிய படம் அது. வேலையில்லாத் திண்டாட்டம் கொதித்த அந்த ஆண்டுகளில் கல்லூரிப் பையன்கள் அதைத் தங்கள் படமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

நகரத்துப் படித்த பெண் என்ற முத்திரை இரண்டே படங்களில் விழுந்துவிட்டது. அதை உடைத்தது மணிவண்ணனின் முதல் படமான ‘கோபுரங்கள் சாய்வதில்லை’ (1982). எண்ணெய் வழியும் தலையும் பொருந்தாத உடையும் வெகுளிப் பேச்சுமாக வரும் அருக்காணி, கணவனுக்கு அவமானம். அவன் நகரத்தில் இன்னொருத்தியை மணந்துகொள்கிறான். நாயகியாக நிலைக்கத் தொடங்கிய நேரத்தில் இப்படி அழகைக் குலைத்துக்கொண்டு நடிக்க யாரும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். படம் நன்றாக ஓடியது. அருக்காணி என்ற பெயரே வெகுநாள் கேலிச்சொல்லாகப் புழங்கியது. அந்தக் கேலியில் பாதிக் கொடுமை, பாதிப் பாராட்டு. 1983-இல் நாடகாசிரியர் கோமல் சுவாமிநாதன் இயக்கிய ‘ஒரு இந்தியக் கனவு’ மலைவாழ் மக்களின் துயரைப் பேசியது. அது சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. அதிலும் மையம் சுஹாசினிதான்.

தமிழில் இவ்வளவு நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்து மொழிகள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டன. தமிழ் நடிகைகள் பிறமொழிக்குப் போவது புதிதல்ல. பெரும்பாலும் அது நட்சத்திர நாயகனுக்கு ஜோடி போடும் வேலை. சுஹாசினிக்கு அமைந்தது வேறுமாதிரி. ஒவ்வொரு மொழியிலும் கதையைத் தாங்கும் பாத்திரமே முதல் அடையாளமாயிற்று. தெலுங்கில் ‘பாலைவனச் சோலை’யின் மறுவடிவமான ‘மஞ்சு பல்லகி’யில் (1982) அதே பாத்திரத்தை மீண்டும் செய்தார். அது இயக்குநர் வம்சியின் முதல் படம். ஐந்து இளைஞர்களில் ஒருவர் சிரஞ்சீவி. 1984-இல் கிராந்தி குமாரின் ‘ஸ்வாதி’. தனியே வாழும் தாய்க்கு மகளே முன்னின்று கல்யாணம் செய்துவைக்கும் கதை. தாயாக சாரதா. ஆந்திர அரசின் நந்தி விருது சுஹாசினிக்கு வந்தது. கே.விஸ்வநாத்தின் ‘சிரிவென்னெல’ (1986) படத்தில் அவருக்கு வாய்பேச முடியாத ஓவியப் பெண்ணின் பாத்திரம், நாயகனோ பார்வையற்ற புல்லாங்குழல் கலைஞன். தாய்மொழியல்லாத மொழியில் ஒரு நடிகைக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாத்திரங்களில் ஒன்று பேச்சே இல்லாததாக அமைந்தது வேடிக்கைதான். பாரதிராஜா ‘கடலோரக் கவிதைகள்’ படத்தை ‘ஆராதனா’ (1987) என்று தெலுங்குக்குக் கொண்டுபோனபோது, தமிழில் ரேகா செய்த டீச்சர் வேடம் சுஹாசினிக்குப் போனது.

மலையாளத்தில் நுழைவு 1983-இல், பத்மராஜனின் ‘கூடெவிடே’ மூலம். வாஸந்தியின் தமிழ் நாவலான ‘மூங்கில் பூக்கள்’தான் அதன் மூலம். தமிழ் நாவல் மலையாளப் படமாகி, அதற்கு நாயகியும் தமிழ்நாட்டிலிருந்து போனது அபூர்வமான கணக்கு. உறைவிடப் பள்ளி ஆசிரியை ஆலிஸ் தன் மாணவன்மேல் காட்டும் பரிவை, முன்கோபக்காரனான அவளுடைய காதலன் (மம்மூட்டி) பொறாமையோடு பார்க்கிறான். அந்தப் பொறாமை கொலையில் முடிகிறது. மாணவனாக நடித்த ரகுமானுக்கு அதுதான் முதல் படம். அடுத்த ஆண்டில் கே.ஜி.ஜார்ஜின் ‘ஆதாமின்டே வாரியெல்லு’. மூன்று பெண்களின் கதையில், குடும்பச் சுமையில் மனம் பிறழும் வசந்தி சுஹாசினி. பெண்களைப் பற்றி மலையாளத்தில் எடுக்கப்பட்ட முக்கியமான படங்களின் வரிசையில் இன்றும் அது வருகிறது. கன்னடத்துக்கு அழைத்துப் போனவர் கே.பாலசந்தர். ‘அவள் ஒரு தொடர்கதை’யைக் கன்னடத்தில் ‘பெங்கியல்லி அரளித ஹூவு’ (1983) என்று எடுத்தபோது, தமிழில் நடிகை சுஜாதா செய்த வேடத்தில் சுஹாசினி. ஒரு காட்சிக்கு பஸ் கண்டக்டராகச் சித்தப்பா கமல் வந்துபோனார்.

பாலசந்தர் கன்னடத்தில் பரிசோதித்துப் பார்த்ததைத் தமிழில் முழுதாகப் பயன்படுத்தியது ‘சிந்து பைரவி’யில் (1985). கர்நாடக இசை மேதை ஜே.கே.பி. (சிவகுமார்), இசை தெரியாத மனைவி பைரவி (சுலக்‌ஷணா), இசை தெரிந்த ரசிகை சிந்து. தெலுங்குக் கீர்த்தனைகளால் நிறைந்த கச்சேரியில், சபையில் இருப்பவர்களுக்குப் புரியும் தமிழில் ஏன் பாடக்கூடாது என்று சிந்து எழுந்து கேட்கும் காட்சி தமிழிசை இயக்கத்தின் பழைய வழக்கைச் சினிமாக் கொட்டகைக்குள் கொண்டுவந்தது. பிறகு அவளே நாட்டுப்புற மெட்டில் தொடங்கிப் பாடிக்கொண்டே போய், அது கர்நாடக ராகத்தோடு கலக்கும் இடத்தில் முடிக்கிறாள். குரல் சித்ராவினுடையது. ஆனால் தயக்கத்தோடு தொடங்கி, சவாலாக ஏறி, கடைசியில் வெற்றியைக் காட்டிக்கொள்ளாமல் நிற்கும் அந்த முகம் இல்லாவிட்டால் பாட்டு வெறும் வித்தையாகப் போயிருக்கும். அந்த ஆண்டு தேசிய விருதுகளில் சிறந்த நடிகை சுஹாசினி, சிறந்த பின்னணிப் பாடகி சித்ரா, சிறந்த இசையமைப்பாளர் இளையராஜா. மூன்றும் ஒரே படத்துக்கு.

சிந்துவின் பாத்திரம் அன்று பலரைக் கோபப்படுத்தியது. கல்யாணமான ஒருவரோடு உறவு, அதில் பிறக்கும் குழந்தை, அதற்காக வெட்கப்படாத பெண். கடைசியில் குழந்தையைப் பைரவியின் கையில் கொடுத்துவிட்டு அவள் போய்விடுகிறாள். பாலசந்தரின் நாயகிகள் கேள்வி கேட்பார்கள், கட்டை உடைப்பார்கள், கடைசி ரீலில் விட்டுக்கொடுத்துவிட்டு நடப்பார்கள். ‘மனதில் உறுதி வேண்டும்’ (1987) படத்தின் நர்ஸ் நந்தினியும் அப்படித்தான்: கைவிட்ட கணவனுக்கே சிறுநீரகம் தருகிறாள், குடும்பத்தைத் தாங்கித் தாங்கியே கைக்கெட்டிய காதலையும் இழக்கிறாள். பெண்ணைத் தியாகியாக்கிக் கைதட்டு வாங்கும் பழைய பழக்கம் முற்போக்கு வேடத்தில் வந்தது என்ற விமர்சனம் இந்தப் படங்கள்மீது உண்டு, அதை மறுப்பது கடினம். ஆனால் சுஹாசினி இவர்களை அழுமூஞ்சிகளாகச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நந்தினி களைத்துப்போகிறாள், எரிச்சலடைகிறாள், டியூட்டி முடிந்து கால் வலிக்க வருகிறாள். மருத்துவமனைக்குள் ஒரு நர்ஸின் வேலைநாள் எப்படியிருக்கும் என்பதை அவ்வளவு நேரம் செலவழித்துக் காட்டிய தமிழ்ப் படம் அதற்கு முன் அதிகமில்லை.

விருதுகளின் கணக்கில் இங்கே ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. 1985-ஆம் ஆண்டின் படங்களுக்கான விருதில் சிறந்த நடிகை சுஹாசினி. 1986-இன் படங்களுக்கான சிறந்த நடிகர், கிரீஷ் காசரவள்ளியின் கன்னடப் படமான ‘தபரன கதெ’யில் ஓய்வூதியத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் கடைநிலை ஊழியராக நடித்த சாருஹாசன். 1987-க்கு ‘நாயகன்’ கமல்ஹாசன். மகள், அப்பா, சித்தப்பா என்று அடுத்தடுத்த மூன்று ஆண்டுகள் நாட்டின் முதல் நடிப்பு விருது ஒரே குடும்பத்துக்கு வந்தது. கமல் ‘மூன்றாம் பிறை’க்காக ஏற்கெனவே ஒருமுறை அதை வாங்கியிருந்தார். பரமக்குடிக் கோர்ட்டு வக்கீல்களில் ஒருவர் ஐம்பது வயதை நெருங்கும்போது நடிக்கப் போய் தேசிய விருதோடு திரும்புவார் என்று அந்த ஊரில் யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

1988 ஆகஸ்டில் சுஹாசினி மணிரத்னத்தை மணந்தார். அதே ஆண்டில் ‘தர்மத்தின் தலைவன்’ படத்தில் ரஜினிகாந்தின் ஜோடியாக வந்தார். ஆனால் நாயகி வேடங்கள் தமிழில் அதன்பின் குறைந்தன. கல்யாணமான நடிகைக்கு அக்கா, அண்ணி, அம்மா என்று இறங்கும் படிக்கட்டு ஒன்றைத்தான் அன்றைய தமிழ் சினிமா வைத்திருந்தது. அந்தப் படிக்கட்டில் அவர் உடனே இறங்காமல் போனதற்கு இரண்டு காரணங்கள்: எழுத்தும் கன்னடமும்.

எழுத்து, தொலைக்காட்சி வழியாக வந்தது. ‘பெண்’ என்ற பெயரில் வாரம் ஒரு பெண்ணின் கதையாக அவர் எழுதி இயக்கிய குறும்படத் தொடர் 1990-களின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் வந்தது. அன்றைய முன்னணி நடிகைகள் பலர் அதில் ஆளுக்கொரு கதையில் நடித்தார்கள். பெரிய திரையில் அவர்களுக்குக் கிடைக்காத வயதும் சிக்கலும் அந்தச் சின்னத் திரையில் கிடைத்தன. ‘திருடா திருடா’வில் (1993) எழுத்தாளர் சுஜாதாவோடு சேர்ந்தும், ‘இருவர்’ (1997), ‘ராவணன்’ (2010) படங்களிலும் வசனம் எழுதினார். கணவரின் படங்களில் அவருடைய பங்கு பெரும்பாலும் திரைக்குப் பின்னால்தான். கல்லூரியில் அவர் தேர்ந்தெடுத்த பக்கமும் அதுதானே. 1995-இல் ‘இந்திரா’ வந்தது. சாதியால் பிளந்து கிடக்கும் ஊரைப் பற்றிய கதை, ஏ.ஆர்.ரஹ்மான் இசை, சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு. நாயகியாகச் சித்தப்பா சந்திரஹாசனின் மகள் அனு ஹாசனை அறிமுகப்படுத்தினார். வணிகத்தில் பெரிய வெற்றியில்லை. பாட்டுகள் நிலைத்தன, ஊர்த்தலைவராகும் பெண் என்ற கரு, உள்ளாட்சியில் பெண்களுக்கு இடஒதுக்கீடு வந்துகொண்டிருந்த காலத்துக்குப் பொருந்தியது. முழுநீளப் படம் இயக்கும் வாய்ப்பை அவர் அதற்குமேல் தொடராதது தமிழுக்கு நஷ்டம்.

கன்னடத்தில் அவருக்குக் கிடைத்தது தமிழ் தராத நடுவயது. ‘பந்தன’ (1984) படத்தில் டாக்டராக வந்தபோதே விஷ்ணுவர்தன்–சுஹாசினி ஜோடியை கர்நாடகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. தினேஷ் பாபுவின் ‘சுப்ரபாத’ (1988), ராணுவ வீரரின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் போரில் உயிர்களை இழப்பதைச் சொன்ன ‘முத்தின ஹார’ (1990) என்று அது தொடர்ந்தது. முப்பத்தைந்து வயதுக்குமேல் அவர் நடித்த ‘அம்ருதவர்ஷிணி’ (1997) கன்னடத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று. நண்பனின் மனைவிமேல் ஆசைகொண்டு நண்பனைச் சாகவிடுகிறான் ஒருவன் (ரமேஷ் அரவிந்த்). உண்மை தெரிந்தபின் மனைவி அவனை மனத்தாலேயே தண்டிக்கிறாள். கணவனாக சரத்பாபு. ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’யில் அண்ணனாக வந்தவர் பதினேழு ஆண்டு கழித்துக் கணவனாக வந்தது ரசிகர்களை உறுத்தியதாகத் தெரியவில்லை.

மலையாளத்தில் பிற்காலத்தின் உச்சம் ஷாஜி என்.கருணின் ‘வானப்ரஸ்தம்’ (1999). தாழ்ந்த நிலையில் பிறந்த கதகளிக் கலைஞன் குஞ்ஞிக்குட்டனாக மோகன்லால். அவன் ஆடும் அர்ச்சுனனை மட்டும் காதலித்து, ஆடியவனை ஏற்க மறுக்கும் உயர்குடிப் பெண் சுபத்திரையாக சுஹாசினி. வேஷத்தோடு இருப்பவனைப் பார்க்கும் கண்ணும், வேஷம் கலைந்தவனைப் பார்க்கும் கண்ணும் ஒரே முகத்தில் வேறுவேறாகத் தெரிய வேண்டிய பாத்திரம் அது. படம் கான் விழாவில் திரையிடப்பட்டது. சிறந்த படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. அடுத்து ‘தீர்த்தாடனம்’ (2001). முன்பு ஆசிரியரும் மாணவியுமாக இருந்த இருவர் பல ஆண்டுகளுக்குப் பின் சந்திக்கும் கதை. அது கேரள அரசின் சிறந்த நடிகை விருதை அவருக்குத் தந்தது. எம்.டி.வாசுதேவன் நாயரின் ‘வானப்ரஸ்தம்’ என்ற சிறுகதைதான் இந்தத் ‘தீர்த்தாடனம்’. ஷாஜியின் ‘வானப்ரஸ்த’த்துக்கும் அந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. இரண்டிலும் சுஹாசினி இருப்பதால் பட்டியல் போடுகிறவர்கள் குழம்புவது வழக்கம்.

2000-க்குப் பின் அம்மா வேடங்கள் வந்தன. சேகர் கம்முலாவின் ‘லீடர்’ (2010) போல அம்மாவுக்கும் அரசியல் மூளை இருக்கும் படங்கள் சில, மற்றவை வந்துபோனவை. ஜெயா டி.வி.யில் ‘ஹாசினி பேசும் படம்’ நிகழ்ச்சியில் புதுப்படங்களை விமர்சித்தார். உள்ளிருக்கும் ஒருவர் உள்ளிருப்பவர்களின் படங்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது இங்கே பழக்கமில்லாத காரியம். 1980-களின் தென்னிந்திய நட்சத்திரங்கள் ஆண்டுதோறும் கூடும் சந்திப்பை 2009 முதல் நடிகை லிசியோடு சேர்ந்து நடத்தினார். 2020-ஆம் ஆண்டுக்கான கேரள அரசுத் திரைப்பட விருதுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்த அரசிடம் விருது வாங்கியவர் விருது தரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ராமநாதபுரம் கடற்கரை அவருடைய படங்களில் அபூர்வமாகவே தலைகாட்டியது. அந்தக் கரைக்கு நெருங்கி வந்தது, அவர் நடிக்காத, அவருடைய குடும்ப நிறுவனமான மெட்ராஸ் டாக்கீஸ் எடுத்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002). இலங்கையிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்திறங்கும் அகதிப் பெண் ஷியாமாவின் (நந்திதா தாஸ்) குழந்தையிலிருந்துதான் அந்தக் கதை பிறக்கிறது. மண்டபம் முகாமும் அகதிப் படகும் அந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் செய்தியல்ல, அன்றாடம். தமிழ் வணிக சினிமா அதை மையக் கதையாக எடுத்துக்கொள்ள அத்தனை ஆண்டுகள் ஆயின. பரமக்குடியோடு குடும்பத்தின் தொடர்பு முற்றாக அறவில்லை. 2019 நவம்பர் 7 அன்று, கமலின் பிறந்தநாளில், பரமக்குடியை அடுத்த தெளிச்சாத்தநல்லூரில் சீனிவாசனின் சிலை திறக்கப்பட்டபோது குடும்பம் ஊருக்குத் திரும்பி வந்து நின்றது.

அடுத்த ஆண்டு கொரோனா ஊரடங்கில், ஐந்து இயக்குநர்கள் ஆளுக்கொரு குறும்படம் செய்த ‘புத்தம் புதுக் காலை’ அமேசான் பிரைமில் வெளியானது. சுஹாசினி இயக்கிய பகுதியின் பெயர் ‘காபி எனிஒன்?’. நினைவிழந்து படுத்திருக்கும் தாயைப் பார்க்க மகள்கள் வீடு திரும்பும் கதை. வெளியாட்களைக் கூட்டமாகச் சேர்க்க முடியாத நேரம் என்பதால் பெரும்பாலும் வீட்டு ஆட்களே நடித்தார்கள்: சாருஹாசனின் மனைவி கோமளம், மகள் சுஹாசினி, சந்திரஹாசனின் மகள் அனு ஹாசன், கமல்ஹாசனின் மகள் ஸ்ருதி ஹாசன். பரமக்குடி வக்கீல் சீனிவாசனின் மூன்று மகன்களின் வீட்டுப் பெண்களும் ஒரே கதையில் சேர்ந்து நின்றார்கள். கேமராவுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்ற கேள்வி இயக்குநருக்கு அங்கே எழவில்லை. இரண்டு பக்கமும் அவரே நின்றார்.